விலகிய காரணம்

மலேசியாவின் தோட்டத் தமிழ்ப்பள்ளி மலர்களில் வரும் 'பள்ளி வரலாறு' பக்கத்தை யாராவது முழுதாகப் படிக்கிறார்களா என்று எனக்கு நெடுநாளாகவே சந்தேகம். முதலில் அத்தாப்பு ஓலைக் கொட்டகை, பிறகு பலகைக் கட்டடம், பிறகு கல் கட்டடம். அப்புறம் தலைமையாசிரியர்களின் பெயர் வரிசை, எந்தப் பிரமுகர் மண்டபத்தைத் திறந்து வைத்தார் என்ற விவரம். தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அதையே பேராக்கிலும் அச்சடிக்கலாம், ஜொகூரிலும் அச்சடிக்கலாம்.

எங்கள் பள்ளி மலருக்கு அந்தப் பக்கத்தை எழுதும் வேலை என் தலையில்தான் விழுந்தது. ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர் என்பதால், பிரியாவிடை பெறும் மாணவர் பட்டியலும் என் பொறுப்பு. இரண்டுக்கும் சேர்த்து அலுவலக இரும்பு அலமாரியிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கினேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கோப்பிக் கடையில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு பக்கம் ஈயம் தோண்டிய குட்டைகள், மற்ற பக்கமெல்லாம் தோட்டங்கள். இந்த வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதன்முதலாக வாணிபத்துக்காகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டார். ஆனால் எங்கள் பதிவேடுகள் தொடங்கும் காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கப் பால்மரம், அதாவது ரப்பர்தான்.

தோட்டத்துக்குள் பள்ளி வந்ததற்குச் சட்டம் ஒரு காரணம். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பிள்ளைகள் படித்து எங்கே போவார்கள் என்று அந்தச் சட்டம் கவலைப்படவில்லை. ஆட்கள் குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்கினால் போதும் என்பதுதான் கணக்கு. பல தோட்டங்களில் கிராணியோ (தோட்டக் கணக்கர்) படிக்கத் தெரிந்த கங்காணியோதான் (ஆட்களை மேய்ப்பவர்) வாத்தியார். எல்லா வகுப்புக்கும் ஒரே ஆள், ஒரே அறை.

பதிவேடு நீளமான கெட்டி அட்டைப் புத்தகம். வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், தகப்பன் தொழில், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி. கடைசிக் கட்டம்தான் 'விலகிய காரணம்'. பிறந்த தேதிகளை அப்படியே நம்ப முடியாது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஜனவரி 1ஆம் தேதி பிறந்திருப்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஏழு வயது என்று எழுதிக்கொண்ட காலம் அது.

தகப்பன் தொழில் கட்டத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனாலே தோட்டம் மாறியது தெரிந்துவிடும். பால் வெட்டு, பால் வெட்டு, பால் வெட்டு, களை, மருந்து அடிப்பு, ஸ்டோர். எழுபதுகளில் பழக்குலை வெட்டு என்று வருகிறது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலம். பிறகு லோரி டிரைவர், ஜாகா (காவலாளி), தொழிற்சாலை. பால் வெட்டுக்குப் புருஷன், பெண்சாதி, பிள்ளை எல்லாரும் போவார்கள். கோப்பையில் உறைந்த ஓட்டுப்பால் உரிக்கப் பிள்ளைகளின் கை வேண்டும். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. பின்னாளில் வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகு எங்கள் ஆட்கள் இன்னும் குறைந்தார்கள். ஆட்கள் குறைந்தால் பள்ளியும் குறையும். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது 530ஐத் தாண்டாது.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது கடைசிக் கட்டத்தில்தான். 'வேறு தோட்டம்' என்பது பக்கத்துக்குப் பக்கம் வரும். 'பால் வெட்டப் போய்விட்டான்' என்று பத்துப் பதினோரு வயதுப் பையன்களுக்கு எழுதியிருக்கிறது. 1969, 1970 பக்கங்களில் 'இந்தியா', 'இந்தியா' என்று வரிசையாக வரும். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று அரசாங்கம் கண்டிப்புக் காட்டிய காலம். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்த தகப்பன்மார்கள் குடும்பத்தோடு கப்பலேறினார்கள். அண்ணன் நாலாம் வகுப்பு, தங்கை இரண்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே விலகிய தேதி. ஆசிரியர் ஒரே சிவப்புக் கோட்டை இருவர் பெயருக்கும் குறுக்கே இழுத்திருக்கிறார். எந்தப் பள்ளி மலரிலும் இந்தக் கோடு அச்சானதை நான் பார்த்ததில்லை.

பெண் பிள்ளைகளுக்கு எழுதிய காரணங்கள் தனி ரகம். 'வீட்டு வேலை', 'வயது வந்தது', 'தாயார் சுகமில்லை'. 1958ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பெண்ணுக்கு 'தம்பி பிறந்தது' என்று மட்டும் இருக்கிறது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மலர் வேலைக்கு ரொம்ப வருடங்களுக்கு முன்பு, 2011இல், குடியுரிமைப் பத்திரம் இல்லாத இந்தியர்களைப் பதிந்துகொள்ள அரசாங்கம் மைடாஃப்தார் என்ற இயக்கத்தை நடத்தியது. அப்போது பள்ளி அலுவலகத்துக்கு வயதானவர்கள் வரத் தொடங்கினார்கள். இங்கே பிறந்து இங்கேயே வளர்ந்ததற்கு அவர்களில் சிலருக்கு இருந்த ஒரே எழுத்து ஆதாரம் எங்கள் பதிவேடு. அப்படித்தான் அந்த அம்மாவும் வந்தார். அறுபதைத் தாண்டிய வயது, பையில் சிவப்பு ஐசி.

"சார், நான் மூணாம் கிளாஸ் வரைக்கும் இங்கதான் படிச்சேன். பேரு இருக்குமா?"

"பாக்கறேம்மா, உட்காருங்க."

பெயரைக் கண்டுபிடிக்க ஒரு முற்பகலே ஆனது. பதிவேட்டில் ஒரு எழுத்து, ஐசியில் வேறொரு எழுத்து. தகப்பன் பெயரையும், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) எண்ணையும் வைத்துத்தான் உறுதி செய்தோம். கடைசிக் கட்டத்தைப் படித்துக் காட்டியதும் அந்த அம்மா சிரித்துவிட்டு, வாசலில் மோட்டாரோடு நின்றுகொண்டிருந்தவரைக் கைகாட்டினார். "அந்தா நிக்கிறான் பாருங்க, அவன்தான்."

தம்பிக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி. 1957 ஆகஸ்டு 31க்குப் பிறகு மலாயாவில் பிறந்த பிள்ளைக்கு அந்நாளைய சட்டப்படி குடியுரிமை தானாகவே வந்துவிட்டது. அதற்கு முன் பிறந்த அக்காவுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. மனுப் போடத் தெரிந்தவர்கள் லயத்தில் யார் இருந்தார்கள்? அந்தத் தம்பியைத் தூக்கி வளர்க்கத்தான் அக்கா படிப்பை விட்டிருக்கிறார். தலைமையாசிரியர் கையெழுத்தோடும் முத்திரையோடும் நகல் எடுத்துக் கொடுத்தோம். பிறகு ஒரு நாள் பாசாரில் (சந்தையில்) தம்பியைப் பார்த்தபோது, அக்காவுக்கு நீல ஐசி கிடைத்துவிட்டதாகச் சொன்னார். எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை.

மலர்க் குழுவில் இதை வைத்துக் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. ஆறாம் ஆண்டை முடித்தவர்களின் பெயரைப் போட்டால் போதும், நடுவில் நின்றவர்களைப் போட்டால் பள்ளிக்கு மதிப்பா என்று ஒருவர் கேட்டார். பழைய வகுப்புகளில் நுழைந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முடிக்கவே இல்லை. அவர்களை விட்டுவிட்டு எதை வரலாறு என்பது என்று நான் கேட்டேன். ஒருவழியாக, காரணங்களைப் போடாமல் பெயர்களை மட்டும் சேர்ந்த வருட வாரியாகப் போடுவதென்று முடிவானது. பாதி வெற்றி. தலைமையாசிரியர் பெயர் வரிசையும் திறப்பு விழாப் படமும் வழக்கம்போல முழுப் பக்கம்.

இன்று பள்ளி தோட்டத்துக்குள் இல்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) ஓரத்துக்கு மாறிவிட்டது, தோட்டத்தின் பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது. மொத்த மாணவர்கள் 150க்குக் கீழ். கல்வி அமைச்சின் கணக்கில் குறைந்த மாணவர் பள்ளி. ஈஜோக் பக்கத்திலிருந்து வேனில் வரும் பிள்ளைகள் இல்லாவிட்டால் இன்னும் குறையும். ஆறாம் ஆண்டு வகுப்பைப் படம் பிடிக்க இரண்டாம் வரிசை தேவைப்படுவதில்லை.

ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனையான யூபிஎஸ்ஆர் இருந்தவரை அந்த வகுப்புக்கு வருடக் கடைசி என்ற ஒன்று இருந்தது. கூடுதல் வகுப்பு, கோயிலில் அர்ச்சனை, முடிவு வரும் நாளில் மண்டபத்தில் அழுகையும் சிரிப்பும். மலாய்மொழியில் 'சி' கிடைக்காவிட்டால் இடைநிலைப்பள்ளிக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்ற பயம் வேறு. கடைசியாக 2019இல் எழுதினார்கள்; 2021இல் சோதனையையே நீக்கிவிட்டார்கள். அந்த ஆட்டம் போனதில் எனக்கு வருத்தமில்லை. எத்தனை 'ஏ' என்பதை மட்டுமே பள்ளியின் மானமாக நினைத்த பழக்கம் பிள்ளைகளைத்தான் வாட்டியது.

பதிவேடும் போய்விட்டது. இப்போது எல்லாம் கணினியில். ஒரு மாணவன் விலகினால், இருக்கும் காரணங்களில் ஒன்றைத் தட்ட வேண்டும். சுருக்கமாக, சுத்தமாக முடிந்துவிடும். 'தம்பி பிறந்தது' என்று எழுத அதில் இடமில்லை. எனக்கு அது சரிப்படவில்லை. ஒரு தடித்த நோட்டு வாங்கி, வருடா வருடம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஒருத்தி ரவாங்குக்கு, அப்பாவுக்கு அங்கே கிடங்கில் வேலை. ஒருவன் சுங்கை பூலோவில் பாட்டி வீட்டுக்கு. மற்றவர்கள் பெரும்பாலும் ஊர் இடைநிலைப்பள்ளிக்கே.

கடந்த முறை கடைசியாக வந்தவன் வகுப்பிலேயே வாயாடி. "ஏன்டா போற?" என்று கேட்டேன்.

"ஏழாம் ஆண்டு இங்க இல்லையே சார். இருந்தா ஏன் போறேன்?"

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போடச் சொன்னால், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டான்.