மாற்றிய மூட்டில் கிருமி: ஒரு ஸ்டிக்கருக்காக நான் பட்ட பாடு

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில் எல்லாம் தருவார்கள். கூடவே இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர் (உள்ளே வைத்த செயற்கை மூட்டின் கம்பெனி, சைஸ், பேட்ச் நம்பர் இருக்கும் லேபிள்) ஒட்டிய தாளும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காமல் நகராதீர்கள். எங்களுக்கு அது இல்லாமல் போனதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அம்மாவுக்கு இடது முழங்கால் மாற்றியது சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தையல் பிரித்த பிறகு ஓரமாகக் கசிய ஆரம்பித்தது. போன் செய்தால், “சின்னக் கசிவுதாங்க, மாத்திரை போடுங்க, காஞ்சிடும்” என்றார்கள். காயும், திரும்பவும் கசியும். மாத்திரைப் பெயர்தான் மாறியதே தவிர, மூட்டில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கால் வீங்கிச் சூடான பிறகு வேறு டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி இரண்டுமே அதிகம். நீர் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பினார். ஒன்றும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. “மாத்திரை ஓடிட்டு இருக்கும்போது எடுத்தா கிருமி பிடிபடாதுங்க. ரெண்டு வாரம் நிறுத்திட்டு மறுபடி எடுப்போம். நடுவுல காய்ச்சல், நடுக்கம் வந்தா உடனே வந்துடணும்” என்றார். சீழ் வைத்த காலுக்கு மருந்தை நிறுத்தச் சொல்கிறாரே என்று அத்தை என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ஆனால் இரண்டாவது தடவைதான் கிருமி பிடிபட்டது: ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். எல்லார் தோலிலும் சும்மா கிடக்கிற ஜாதியாம். சில கிருமி மெதுவாகத்தான் வளரும் என்பதால் 14 நாள் வைத்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தார். லேப்காரர்கள் ஐந்தாம் நாளே முடிக்கப் பார்த்தார்கள். சீட்டைக் காட்டித் தடுத்தேன்.

சீக்கிரம் வந்திருந்தால் மூட்டைத் திறந்து கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கலாமாம். நாளாகிவிட்டால் குளத்துப் படியில் பாசி பிடிப்பது மாதிரி உலோகத்தின் மேல் கிருமி படிந்துவிடும், மருந்து அதைத் துளைக்காது என்றார். அதனால் இரண்டு ஆபரேஷன். முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டில் ஸ்பேசர், அதாவது மூட்டு இருந்த இடத்தில் தற்காலிகமாக வைக்கும் கட்டை. ஆறு வாரம் போல மருந்து. கிருமி அடங்கியது தெரிந்த பிறகு புது மூட்டு.

எடுப்பதற்கு உள்ளே எந்தக் கம்பெனி, என்ன சைஸ் என்று தெரிய வேண்டும், அதற்கேற்ற கருவி வரவழைக்க. இன்சூரன்ஸும் பழைய ஆபரேஷன் நோட்ஸ் கேட்டது. பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் கவுண்டரில் ஒரு நாள் “சார் லீவு”, அடுத்த முறை “லெட்டர் கொடுங்க”, லெட்டரோடு போனால் “பேஷண்ட் நேர்ல வரணும்”. காலை மடக்க முடியாத மனுஷியை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கையெழுத்துக்குக் கூட்டி வர வேண்டுமாம்! பில்லைப் பார்த்தால் ‘இம்ப்ளாண்ட் சார்ஜஸ்’ என்று ஒரே வரி, ஒரே தொகை.

அந்த ஒரே வரிதான் கை கொடுத்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளாண்ட்டுக்கு உச்ச விலை வைத்தபோதே, கம்பெனி, பிராண்ட், பேட்ச் நம்பர் எல்லாம் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த உத்தரவைப் பிரிண்ட் எடுத்து, அம்மா கையெழுத்திட்ட கடிதத்தோடு நீட்டி, “நகல்ல சீல் போட்டுக் கொடுங்க” என்றேன். சீல் என்றதும் அக்கவுண்ட்ஸ்காரர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். டீ குடித்து வருவதற்குள் ஃபைல் கிடைத்துவிட்டது! தொடை எலும்புக்கு ஒன்று, கீழ் எலும்புக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, சிமெண்டுக்கு ஒன்று என நான்கு ஸ்டிக்கர். ஒன்று பசை விட்டு ஸ்டேப்ளரில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன்.

பழைய மூட்டை எடுக்கும் முதல் ஆபரேஷன் சுமுகம். ஊசி ஓடும் வாரங்களில் மலை ஏறாதீர்கள். ஸ்பேசர் வைத்த காலை நீட்டியபடி அந்த வளைவுகளில் வருவது கொடுமை. சேலத்திலேயே அஸ்தம்பட்டியில் அறை எடுத்தோம். அம்மாவுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் வான்கோமைசின், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டிய மருந்து. ட்ரிப் போட வந்த பையன் அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வேகமாகத் திறந்துவிட, அம்மாவுக்குக் கழுத்தும் முகமும் சிவந்து அரிப்பெடுத்துவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டு, நிறுத்தி, மெதுவாக்கிய பிறகுதான் அடங்கியது. அதற்கப்புறம் கடிகாரத்தோடு நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். சிறுநீரகத்துக்காக கிரியாட்டினினும் விடாமல் பாருங்கள்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு கேஷ்லெஸ் கேட்டால், “இதே கால், இதே ஆபரேஷன், ஏற்கனவே கொடுத்தாச்சே” என்று கேள்வி வந்தது. நல்லவேளை, முதல் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ‘இரண்டு கட்ட சிகிச்சையில் முதல் கட்டம்’ என்று டாக்டர் எழுதியிருந்தார். நீங்களும் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த வரியை வட்டம் போட்டு அனுப்பினேன், அப்ரூவல் வந்தது. பிரேஸுக்கும் வாக்கருக்கும் மட்டும் கைக்காசு.