ஆரஞ்சு ஸ்கிரிப்: சேர்ப்பதற்கு முன் செலவுக்கணக்கு

ஃபைனல் ஃபான்டஸி 14 என்ற ஆன்லைன் ஆட்டத்தில் கிராஃப்டர்களுக்கு, அதாவது பொருள் செய்யும் தொழில்களுக்கு, கிடைக்கும் தனி நாணயமான ஸ்கிரிப் ஒரு நிறத்துக்கு 4000க்கு மேல் நிற்காது. மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. ஆட்டத்தின் பொதுப் பணமான கில் மாதிரி சேர்த்துவைத்துக்கொண்டே போக முடியாது. அதனால் என்ன வாங்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு வேண்டிய அளவு சம்பாதிப்பதுதான் சரியான வரிசை. மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஆடும் நாங்கள் எட்டு கிராஃப்டர்களையும் லெவல் 100க்குக் கொண்டுவந்த பிறகு உடை, ரெசிபிப் புத்தகம், மெட்டீரியா (உடையில் பதித்து அதன் திறனை ஏற்றும் கல்) என்று வாங்கி முடித்தது இப்படித்தான். அந்த வழியை இங்கே எழுதிவைக்கிறோம்.

2024 ஜூலையில் டான்ட்ரெயில் எக்ஸ்பான்ஷன் வந்தபோது வெள்ளை ஸ்கிரிப் போய், ஊதாவும் ஆரஞ்சும் மட்டும் நின்றன. லெவல் 100 கலெக்டபிள் (ஸ்கிரிப்புக்காகச் செய்து ஒப்படைக்கும் பொருள்) கொடுத்தால் ஆரஞ்சு, அதற்குக் கீழே ஊதா. சொல்யூஷன் நைன் நகரத்தில் நெக்ஸஸ் ஆர்கேடில் கலெக்டபிள் வாங்குகிறவரும் ஸ்கிரிப் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அங்கேயே நின்றுவிடுவது வசதி.

செலவில் முதலிடம் உடைக்கு. தலை முதல் கால் வரையுள்ள உடையையும் நகைகளையும் எட்டு தொழில்களும் பொதுவாகப் போட்டுக்கொள்ளலாம். தொழிலுக்குத் தொழில் மாறுவது கையில் பிடிக்கும் இரண்டு கருவிகள் மட்டும். ஆகவே பொது உடையை முதலில் முடியுங்கள். கருவியை உடனே ஓட்டப்போகும் ஒரே தொழிலுக்கு மட்டும் வாங்கி, மற்ற ஏழையும் பிறகு பாருங்கள். எட்டுக்கும் சேர்த்து வாங்க ஆரம்பித்தால் ஒரு தொழிலும் முழுசாக நிற்காது. மாஸ்டர் ரெசிபி புத்தகத்துக்கும் இதே விதிதான். நட்சத்திரக் குறி போட்ட ரெசிபிகள் அந்தப் புத்தகம் இல்லாமல் திறக்காது. ஆனால் தொழிலுக்கு ஒரு புத்தகம் என்பதால் எதை விற்கப்போகிறோமோ அதை மட்டும் வாங்கினால் போதும்.

ஸ்கிரிப்பை உண்மையில் விழுங்குவது மெட்டீரியா. கருவியிலும் உடையிலும் தோற்காமல் பதியும் உறுதியான துளை இரண்டு, நகையில் ஒன்று. அதற்கு மேல் மொத்தம் ஐந்து வரை பதிக்கலாம், ஆனால் தோற்றால் அந்த மெட்டீரியா போய்விடும். பதினொன்றாம் கிரேடு மெட்டீரியாவுக்கு, உறுதியான துளை தாண்டிய முதல் துளையில் வெற்றி வாய்ப்பு 17 சதவீதம், அடுத்தது 10, அதற்கடுத்தது 7, கடைசி 5. சராசரி போட்டுப் பாருங்கள்: 6, 10, 14, 20. ஒரே ஒரு மோதிரத்தை முழுசாக நிரப்ப 50 மெட்டீரியா பக்கம் போகிறது. நகைகள் மொத்தம் ஐந்து. பன்னிரண்டாம் கிரேடு உறுதியான துளைகளிலும் அதற்கடுத்த ஒரு துளையிலும்தான் ஏறும், மீதி மூன்றுக்கும் பதினொன்றுதான்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நாங்கள் நகைகளின் கடைசி இரண்டு துளைகளை எடுத்த எடுப்பில் தொடுவதே இல்லை. அந்த இரண்டு துளைக்குப் போகும் 34 மெட்டீரியாவை வைத்து மற்ற உடைகளின் உறுதியான துளைகளையெல்லாம் அடைத்துவிடலாம். கலெக்டபிளில் மேல்படி விலை வாங்க அந்தக் கடைசித் துளைகள் தேவைப்படுவதும் இல்லை. அவை நட்சத்திர ரெசிபி செய்து விற்க இறங்குகிறவர்களுக்கானவை. மெட்டீரியாவில் காம்பிடன்ஸ் பொருளை முடிக்க உதவும் கிராஃப்ட்ஸ்மேன்ஷிப்பையும், கமாண்ட் தரத்துக்கான கன்ட்ரோலையும், கன்னிங் செயல்களுக்குச் செலவாகும் சிபியையும் ஏற்றும். கீழே சொல்லும் மேக்ரோவுக்கு (செயல்களை வரிசையாகத் தானே ஓட்டும் பட்டியல்) 513 சிபி வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்தும் அந்த அளவு வரவில்லை என்றால் முதலில் கன்னிங்.

சம்பாத்தியத்தில் முதல் வரவு வாரத்துக்கு 12 கஸ்டம் டெலிவரி, அதாவது ஆட்டத்துக்குள் உள்ள சில ஆட்களுக்குப் பொருள் செய்து கொடுப்பது. ஓர் ஆளுக்கு அதிகபட்சம் 6, ஆக வாரத்துக்கு இரண்டு பேரிடம் முடித்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்குச் செய்து கொடுக்க வேண்டிய பொருளின் மூலப்பொருளை அவர்கள் பக்கத்திலேயே ஒரு கடைக்காரர் சில்லறைக் கில்லுக்கு விற்கிறார். இவ்வளவு மலிவாக ஸ்கிரிப் வேறெங்கும் கிடைக்காது. ஆளின் திருப்தி ஐந்து படி ஏறிய பிறகு வரவு கூடும் என்பதால் ஒரே ஆளிடம் தொடர்ந்து கொடுத்து முதலில் ஐந்தை எட்டிவிடுங்கள். வார ரீசெட் செவ்வாய்க்கிழமை நம் நேரம் மதியம் 1:30. திங்கள் இரவு ஒரு 12, செவ்வாய் மதியம் கழித்து ஒரு 12 என்று அடுத்தடுத்து முடித்தால் ஒரே மூச்சில் 24. ஒன்று கவனிக்க வேண்டும்: டெலிவரியில் ஊதா, ஆரஞ்சு இரண்டும் வரும். ஆரஞ்சுக்கு இடம் வைத்துவிட்டு ஊதா 4000இல் நிரம்பி நிற்பதைக் கவனிக்காமல் போகிறவர்கள் நிறைய.

மீதி வரவு கலெக்டபிளில். இதைத்தான் எல்லோரும் சலிப்பான வேலை என்கிறார்கள். மேக்ரோ சரியாக அமைந்தால் அந்தச் சலிப்பு இல்லை. கலெக்டபிளை மொத்தமாக ஒரே கிளிக்கில் செய்யும் குவிக் சிந்தசிஸில் செய்ய முடியாது, ஒவ்வொன்றாகத்தான். ஒரு மேக்ரோவில் 15 வரிதான் கொள்ளும். டியூரபிலிட்டி (பூஜ்யமானால் பொருள் உடையும் அளவு) 80 உள்ள ரெசிபிக்கு அந்த 15 வரியையும் நாங்கள் இப்படி நிரப்புகிறோம்:

மசில் மெமரி, மேனிபுலேஷன், வெனரேஷன், வேஸ்ட் நாட் 2, கிரவுண்ட்வொர்க், கிரவுண்ட்வொர்க், இன்னொவேஷன், பிரிபரேட்டரி டச் நான்கு முறை, கிரேட் ஸ்டிரைட்ஸ், இன்னொவேஷன், பைரகாட்ஸ் பிளெஸ்ஸிங், கேர்ஃபுல் சிந்தசிஸ்.

வரிசை ஏன் இப்படி என்று தெரிந்தால்தான் உங்கள் உடைக்கு ஏற்ப மாற்ற முடியும். மேனிபுலேஷன் அடுத்த எட்டு அடிகளுக்கு (ஒரு செயல் ஓர் அடி) அடிக்கு 5 டியூரபிலிட்டி திருப்பித் தருகிறது. வேஸ்ட் நாட் 2 எட்டு அடிகளுக்குத் தேய்மானத்தைப் பாதியாக்குகிறது. அந்த எட்டுக்குள் இரண்டு கிரவுண்ட்வொர்க்கும் நான்கு பிரிபரேட்டரி டச்சும் அடங்கிவிடுகின்றன. இவை ஒவ்வொன்றும் சாதாரணமாக 20 தின்பவை. இன்னொவேஷன் நிற்பது நான்கு அடி, அதில் சரியாக நான்கு டச். ஒவ்வொரு டச்சும் தரத்தைக் கூட்டும் இன்னர் கொயட்டை இரண்டு ஏற்ற, எட்டில் போய் பைரகாட் அடிக்கிறோம். எல்லாம் ஒழுங்காகப் போனால் முடிவில் 30 டியூரபிலிட்டி மிஞ்சும்.

பொருள் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் புரோகிரெஸ் பக்கம் கொஞ்சம் நுணுக்கம். மசில் மெமரி 300 சதவீதம். முதல் கிரவுண்ட்வொர்க் 360, அதன் மேல் மசில் மெமரியும் வெனரேஷனும் சேர்ந்து இரண்டரை மடங்காகி 900. இரண்டாவது 540. இங்கே வரை 1740. கடைசி கேர்ஃபுல் சிந்தசிஸ் 180 சேர்த்து 1920. ரெசிபி கேட்கும் புரோகிரெஸ் உங்கள் அடிப்படை அளவை (100 சதவீத அடி ஒன்று தருவது) போல 17.4 மடங்குக்கு மேலும் 19.2 மடங்குக்குள்ளும் இருந்தால்தான் இந்த மேக்ரோ பொருந்தும். 19.2ஐத் தாண்டினால் பொருள் முடியாமல் நிற்கும், இன்னொரு கேர்ஃபுல் சிந்தசிஸைக் கையால் அழுத்தி முடித்துக்கொள்ளலாம். 17.4க்குள் அடங்கிவிட்டால் சேதம் பெரிது: இரண்டாவது கிரவுண்ட்வொர்க்கிலேயே பொருள் முடிந்துவிடும், குவாலிட்டி பூஜ்யம். புது உடை வாங்கிய அன்றைக்குத்தான் இது நடக்கும், ஏனென்றால் கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் ஏறியிருக்கும், மேக்ரோ பழையதாக இருக்கும். அப்போது இரண்டாவது கிரவுண்ட்வொர்க்கை எடுத்துவிட்டு அங்கே கேர்ஃபுல் சிந்தசிஸ் போடுங்கள். வெனரேஷனில் அது 270, மொத்தம் 1650 என்று இறங்கிவிடும். எந்த மாற்றம் செய்தாலும் ட்ரையல் சிந்தசிஸில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூலப்பொருள் ஒன்றும் செலவாகாது.

டியூரபிலிட்டி 40 ரெசிபியில் இதே மேக்ரோவை ஓட்டினால் நான்காவது டச் முடிந்ததும் 10தான் இருக்கும். பைரகாட் அதைத் தின்றுவிட்டு, பொருள் முடியும் முன்பே உடைந்துவிடும். அதற்கு இரண்டாவது இன்னொவேஷனை எடுத்துவிட்டு அந்த வரியில் ட்ரெய்ன்ட் பெர்ஃபெக்ஷன் வையுங்கள். அடுத்த அடிக்குத் தேய்மானமே இல்லை. பைரகாட்டின் வலு 1170இலிருந்து 936க்குக் குறையும், ஆனால் பொருள் தப்பிக்கும்.

அடுத்தது நம் ஊர்ப் பிரச்சினை. இந்த ஆட்டத்துக்கு இந்தியாவில் சர்வர் கிடையாது. ஜப்பான், ஐரோப்பா, வட அமெரிக்கா, ஓஷியானியா என்று எதை எடுத்தாலும் பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பொதுவாகக் கிடைக்கும் மேக்ரோக்களில் இன்னொவேஷன், வெனரேஷன் போன்ற வரிகளுக்குக் காத்திருப்பு 2 நொடி, மற்றவற்றுக்கு 3 என்று இருக்கும். இங்கிருந்து ஆடும்போது அந்த 2 நொடி வரிகளுக்கு அடுத்த வரிதான் சிலசமயம் ஏறாமல் போகிறது. மேக்ரோ அதற்காக நிற்காது, தாண்டிப் போய்விடும். இரண்டாவது இன்னொவேஷன் தவறினால் பைரகாட் 1170க்குப் பதில் 936தான், கலெக்டபிள் ஒரு படி கீழே விழும். வேஸ்ட் நாட் 2 தவறினால் மூன்றாவது பிரிபரேட்டரி டச்சில் பொருளே உடைந்துவிடும், மூலப்பொருள் போனதுதான். எல்லா வரிக்கும் 3 நொடியே போட்டுவிடுங்கள். பொருளுக்குச் சில நொடிகள் கூடும், அவ்வளவுதான்.

பதினைந்து வரி, 45 நொடி. தொடங்கும் கிளிக்கையும் சேர்த்தால் 50 என்று வையுங்கள். ஒரு பொருளுக்கு 100 ஸ்கிரிப் என்று வைத்துக்கொண்டால் 4000க்கு 40 பொருள், அரைமணிக்குக் கொஞ்சம் மேல். சாப்பாட்டின் பலன் 30 நிமிடம்தான் என்பதால் கடைசிச் சில பொருட்கள் பலன் தீர்ந்த பிறகு ஓடி, சிபி போதாமல் பாதியில் நிற்கும். தொடங்கும்போதே இரண்டு சாப்பிட்டு 60 நிமிடமாக்கிக்கொள்ளுங்கள். பையையும் பாருங்கள். கலெக்டபிள்கள் அடுக்காகச் சேராது, ஒன்றுக்கு ஓர் இடம். மொத்த இடமே 140. அதில் மூலப்பொருளும் குப்பையும் போக 40 காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு உட்காருங்கள்.

எந்தத் தொழிலில் செய்வது என்பதை ஸ்கிரிப் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். ஒரே லெவல் கலெக்டபிள்களுக்கு வரவு பெரிதாக மாறாது. மாறுவது மூலப்பொருளின் விலையும், நடுவில் செய்ய வேண்டிய பொருட்களின் எண்ணிக்கையும்தான். நடுப்பொருளைக் குவிக் சிந்தசிஸில் 99 வரை ஒரே ஓட்டமாக விட்டுவிடலாம். அது நார்மல் குவாலிட்டியாக வந்தாலும் மேலே சொன்ன மேக்ரோவுக்குப் பாதகமில்லை. ஆட்டக்காரர்கள் விற்கும் மார்க்கெட் போர்டில் வாங்கினால் விலைக்கு மேல் 5 சதவீதம் வரி போகும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். உங்கள் டேட்டா சென்டரின் மற்ற வேர்ல்டுகளுக்கு (சர்வர்களுக்கு) ஒரு நடை போய்வந்தால் அதே பொருள் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கிறது. நேரம் பார்த்துத் திறக்கும் இடங்களில் மூலப்பொருளை நீங்களே எடுப்பதானால், ஆட்டத்தின் ஒரு நாள் நமக்கு 70 நிமிடம், அதன் ஒரு மணி 2 நிமிடம் 55 நொடி. இரண்டு மணி திறந்திருக்கும் இடம் என்றால் நமக்குக் கிடைப்பது 5 நிமிடம் 50 நொடி. ஆட்டத்துக்குள் உள்ள அலாரத்தை வைத்துக்கொண்டு, நடுவில் கிடைக்கும் நேரத்தில் மேக்ரோவை ஓட்டலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கரையில் கரண்ட்டும் நெட்டும் சொல்லாமல் போகும். ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போட்டுவிடுங்கள். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, ரூட்டருக்கு இல்லாததால்தான் கரண்ட் போன நொடியே 90002 என்ற பிழை எண்ணைக் காட்டி வெளியே தள்ளுகிறது. காற்று தூக்கும் நாளில் விலை உயர்ந்த மூலப்பொருளைத் தொடாமல், கஸ்டம் டெலிவரிக்கான மலிவுச் சரக்கைச் செய்யுங்கள். கடலுக்கு நேர் எதிரே உள்ள வீடுகளில் உப்புக்காற்று யூஎஸ்பி ஓட்டையையும் ஃபேனையும் அரித்துவிடுகிறது. ஆடாதபோது மூடி வைக்கவும், ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போடவும் தவறாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் போகும் தம்பிகள் வீட்டில் இருப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம் நல்ல காலம். இலவச ட்ரையலில் லெவல் 70 வரை எட்டு தொழிலையும் ஏற்றலாம். மார்க்கெட் போர்டு மட்டும் திறக்காது, ஆகவே எல்லா மூலப்பொருளையும் நீங்களே எடுக்கப் பழகிவிடுவீர்கள்.

விற்பதாக இருந்தால் நேரம் முக்கியம். சண்டைக்காரர்களின் பெரிய ரெய்டு 7.2, 7.4 என்று இரட்டைப்படை பேட்ச்களில் (ஆட்டத்தின் புதுப்பிப்புகளில்) வருகிறது. அந்த முதல் சில நாட்களில் செய்த உடையும் சாப்பாடும் மருந்தும் மெட்டீரியாவும் ஏறிய விலையில் போகும். மீன் ஏலத்தில் முதல் வள்ளத்துக்குக் கிடைக்கும் விலை பத்தாவது வள்ளத்துக்குக் கிடைக்காதது மாதிரி, ஒரு வாரம் தள்ளி வருகிறவருக்கு அதே சரக்கு பாதிக்கும் கீழே. எனவே பேட்சுக்கு முந்தைய வாரம் ஆரஞ்சை 4000இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் செய்த கலெக்டபிள்களைக் கொடுக்காமல் பையிலேயே வையுங்கள். பராமரிப்பு முடிந்து உள்ளே வந்ததும் 4000ஐப் புதுப் புத்தகத்துக்கும் கருவிக்கும் கொட்டிவிட்டு, பையில் உள்ளதைக் கொடுத்து மறுபடி நிரப்பலாம். அதை வைத்து மெட்டீரியா வாங்கினால், பதிக்க வேண்டியது போக மீதியை அன்றைக்கே விற்றுவிடுங்கள். புது எக்ஸ்பான்ஷன் வரும்போது மட்டும் இப்படிச் சேர்த்துவைக்க வேண்டாம். நிறமே மாறக்கூடும் என்பதால், அதற்கு முன்பே ஆரஞ்சு முழுவதையும் மெட்டீரியாவாக மாற்றிவிடுங்கள்.