காசு எங்க போனது, ரீச்சர்?

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடமாகிறது. இத்தனை காலத்தில் என்னை ஆகத் திணறடித்த கேள்வி பரீட்சைத் தாளில் வரவில்லை; வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து வந்தது. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கரும்பலகையில் இரண்டு இலக்கங்கள் எழுதியிருந்தேன். கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அந்த ஜனவரியில் 13,000ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் முடிவில் 8,000க்குக் கீழே. "மூன்று மாதத்தில் ஐந்தில் இரண்டு பங்குப் பெறுமதி போய்விட்டது" என்றேன்.

"எங்க போனது, ரீச்சர்?" என்றான் அவன். "இவ்வளவு காசு போனதெண்டால் ஆரோ ஒராள் எடுத்திருக்கத்தானே வேணும்?"

சந்தை மூலதனமாக்கம் குறைந்துவிட்டது என்று பதில் சொன்னேன். அவன் கேட்டதற்கு ஒரு பெரிய பெயர் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவன் தலையாட்டினான். பிள்ளைகள் அப்படித் தலையாட்டினால் விளங்கவில்லை என்று அர்த்தம்.

உண்மையில் எனக்கும் பங்குச் சந்தை பாடப்புத்தகத்தில்தான் அறிமுகம். யாழ்ப்பாண நகரிலேயே அதற்குக் கிளை உண்டு, நான் படியேறியதில்லை. என் சேமிப்பு எங்கள் ஊர் வழக்கப்படி நகை, நிலையான வைப்பு, அப்புறம் தாச்சியை, அதாவது சீட்டை நடத்துகிறவரை, நம்பிக் கட்டும் ஒரு சீட்டு. நீந்தத் தெரியாதவள் கீரிமலைக் கேணிக்கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுத்த மாதிரித்தான் என் பாடம் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். விடை எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தது.

நல்லூர்ப் பக்கம், பன்னிரண்டு வீடுள்ள முடுக்கு ஒழுங்கை. சில வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து வந்த ஒருவர் அதில் இரண்டு பரப்புக் காணியை யாரும் நினைத்துப் பார்க்காத விலைக்கு வாங்கினார். அன்று பின்னேரமே மிச்சப் பதினொரு வீட்டுக்காரரும் தங்கள் பரப்பை அந்த விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டார்கள். முன்வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, இப்ப நாங்களும் கோடீஸ்வரர்தான்" என்றார். ஒழுங்கைக்குள் உண்மையாக வந்த காசு ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான். கொஞ்சக் காலத்தில் இன்னொருவருக்கு லண்டன் போகும் அவசரம் வந்தது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முன்னைய விலையில் அரைவாசி. பத்து வீடுகளின் பெறுமதியும் அன்றே அரைவாசியாகிவிட்டது. யார் எடுத்தது? ஒருவரும் இல்லை. வேலிக் கதியாலில் ஒன்றுகூட அசையவில்லை.

பங்கு விலையும் இதுதான். ஒரு கம்பனிக்குக் கோடிக்கணக்கில் பங்குகள் இருக்கும். ஒரு நாளில் கைமாறுபவை அதில் ஒரு சிறுபகுதி. கடைசியாகக் கைமாறிய பங்கின் விலையைத்தான் கைமாறாத அத்தனை பங்கின் தலையிலும் எழுதுகிறார்கள். அப்படிப் பெருக்கி வரும் தொகைக்குத்தான் சந்தை மூலதனமாக்கம் என்று பெயர்.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்து வெண்கட்டியை வைக்க முன்னர் முன்வாங்குப் பெடியன் ஒருவன் மறித்தான். "கோயில் ஏலத்தில ஒரு மாம்பழம் லட்சக்கணக்கில போகுது, ரீச்சர். அப்ப யாழ்ப்பாணத்தில இருக்கிற மாம்பழம் எல்லாம் அந்த விலையோ?"

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் எடுத்தது. நல்ல கேள்வி. கோயிலில் ஏலம் எடுப்பவர் வாங்குவது மாம்பழத்தை அல்ல. மறுநாள் அதே விலைக்கு வாங்க வேறு ஆளும் வரமாட்டார். ஆனால் சுன்னாகம் சந்தையில் விடியற்காலையில் ஒரு மூட்டை வெங்காயத்துக்கு விழும் விலையை நம்பி மற்றவர்கள் மூட்டையை அவிழ்ப்பார்கள், ஏனென்றால் அங்கே வாங்குகிறவரும் விற்கிறவரும் பத்துப்பேர் நிற்கிறார்கள். கடைசி விலைக்கு எவ்வளவு மதிப்பு என்பது, அதே விலைக்கு அடுத்து வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அந்தப் பெடியன் கேட்காமல் விட்டிருந்தால் இதை நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அடுத்த கிழமை ஒரு விளையாட்டு வைத்தேன். "பனங்கட்டிக் கம்பனி" என்று பெயர். வகுப்பில் 24 பேர். ஆளுக்கு இரண்டு பங்குத் துண்டு, 1,000 ரூபாய்க்குக் கடதாசிக் காசு. மொத்தம் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்று முடிவிலும் பங்கொன்றுக்கு 10 ரூபா பங்கிலாபம், அதாவது கம்பனி இலாபத்தில் பங்குக்காரருக்குக் கிடைக்கும் பகுதி, நான் கொடுப்பேன். பத்தாம் சுற்றோடு கம்பனி மூடப்படும், துண்டுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஆக, முதல் நாளிலிருந்து கடைசிவரை ஒரு பங்கை வைத்திருந்தால் கிடைப்பது 100 ரூபா. இதைப் பலகையில் எழுதியும் விட்டேன். ஒளிவு மறைவு இல்லை.

முதல் சுற்றில் 80, 90 என்று நடந்தது. மூன்றாம் சுற்றில் 140. எனக்கே நம்ப முடியவில்லை. ஆறாம் சுற்று முடிந்தபோது மிச்சமாகக் கிடைக்க இருந்தது 40 ரூபா மட்டும். பங்கு விலையோ 260. கூடுதலான விலைக்கு வாங்கிய பிள்ளையைக் கேட்டேன், கணக்குத் தெரியாதா என்று. "தெரியும், ரீச்சர். ஆனா அடுத்த சுற்றில 300க்கு வாங்க ஆள் இருக்குமெண்டு நினைச்சன்" என்றாள். வகுப்பிலேயே கணக்கில் ஆகக் கெட்டிக்காரி அவள்தான். பக்கத்து வாங்குத் தோழியிடம் 500 ரூபா கடன் வாங்கி வேறு வாங்கியிருந்தாள்.

எட்டாம் சுற்றில் ஒருவன் 240க்கு விற்க எழும்பினான். வாங்க ஆள் இல்லை. 200 என்றான். 150. அதற்குள் இன்னும் ஐந்தாறு பேர் எழும்பிவிட்டார்கள். மணி அடிக்க முன்னர் 15க்கு வந்து நின்றது.

பத்தாம் சுற்றும் முடிந்த பிறகு கடைசி வாங்குக்காரனை முன்னுக்குக் கூப்பிட்டு, எல்லாருடைய காசையும் சேர்த்து எண்ணச் சொன்னேன். தொடக்கத்தில் வகுப்பில் இருந்தது 24,000. பத்துச் சுற்றுப் பங்கிலாபம் 4,800. அவன் இரண்டு தரம் எண்ணினான். 28,800, ஒரு தாள் குறையவில்லை. ஆறாம் சுற்றில் 48 பங்கின் பெறுமதி 12,480 ரூபா என்று பலகையில் எழுதியிருந்தோம். அந்தப் பெறுமதிதான் இல்லாமல் போனது, காசு இல்லை. யாரிடம் இருந்தது என்பது மட்டும் மாறியிருந்தது. நேரத்தோடு விற்றவர்களிடம் கட்டுக் கட்டாக. அந்தக் கெட்டிக்காரியிடம் எழுபது ரூபாயும், தோழிக்குக் கொடுக்கவேண்டிய 500 ரூபாக் கடனும்.

அடுத்த நாள் அதிபர் கூப்பிட்டார். கன்ரீன் ரோல்ஸ் ஒன்றுக்குப் பங்குத் துண்டை மாற்றியிருக்கிறார்கள் பிள்ளைகள். ஒரு பெற்றார் வந்து, "பள்ளிக்கூடத்தில ரீச்சர் சூதாட்டம் பழக்கிறாவாம்" என்று முறையிட்டிருக்கிறார். பாடத்திட்டத்தைக் காட்டி விளங்கப்படுத்தினேன். அதிபர் முழுதாக நம்பவில்லை. துண்டுகளைத் திருப்பி வாங்கச் சொன்னார். வாங்கினேன், 46 வந்தது. இரண்டு வரவில்லை.

அந்தக் கடன் 500 ரூபாயில்தான் அடுத்த பாடத்தைத் தொடங்கினேன். விலை விழும்போது கடன் சேர்ந்து விழுவதில்லை. 1929இல் அமெரிக்காவில் பங்கு விலையின் பத்தில் ஒரு பங்கை மட்டும் கையிலிருந்து கட்டி, மிச்சத்தைத் தரகரிடம் கடன்பட்டு வாங்கலாம் என்ற நிலை இருந்தது. செப்டெம்பரில் 381இல் நின்ற டவ் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்கு விலைச் சுட்டெண் 1932 ஜூலையில் 41க்கு வந்தது. பழைய உயரத்தை மறுபடி தொட 1954 வரை சென்றது. கடனைக் கட்ட எல்லாரும் செலவை நிறுத்தினார்கள், கடன் திரும்பாத வங்கிகள் மூடின, வங்கியில் போட்டவனும் செலவை நிறுத்தினான்.

இது எங்கோ நடந்த கதை என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது என்று என் பூட்டனாரைக் கொண்டுவருவேன். மலாயாவில், ஈப்போவில், ரயில்வே கிளாக்கர். அந்தக் காலத்து யாழ்ப்பாணமே மணியோடரில் ஓடியது; வீடு, கிணறு, சீதனம் எல்லாம் மலாயாக் காசு. அமெரிக்காவில் கார் விற்காமல் போனது. கார் இல்லையென்றால் ரயர் எதற்கு? றப்பர் விலை படுத்தது. மலாயா அரசாங்கத்தின் வருமானம் படுக்க, ஆட்குறைப்பு வந்தது. பூட்டனார் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து இறங்கினார். அரைவாசி கட்டிய வீட்டின் சுவர் பத்து வருடம் பூச்சுப் பூசாமல் நின்றதாம். நியூயோர்க்கில் ஒருவர் பங்கு விற்றதற்கும் எங்கள் வீட்டுச் சுவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், பாடத்தில் பாதி அதுதான்.

மாறாக, 2008 செப்டெம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி முறிந்தபோது எங்களுக்கு அது செய்தியே இல்லை. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 வீதி போரால் மூடியிருந்தது. கப்பலில் வரும் சாமானுக்கு வரிசையில் நின்றோம். உலகப் பின்னடைவு உள்ளே வர எங்கள் வாசல் திறந்திருக்கவில்லை.

2022க்கு முன்னர் பொருளாதாரப் பின்னடைவை நான் படிப்பித்த விதத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "தொடர்ந்து இரண்டு காலாண்டுகளுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி சுருங்குதல்" என்று சொல்லி எழுதச் சொல்வேன், முடிந்தது. அந்த வருடம் வரைவிலக்கணம் தேவைப்படவில்லை. மேசன் வேலை செய்யும் தகப்பனின் பிள்ளை ஒருத்தி எழும்பிச் சொன்னாள். சீமெந்து விலையால் கட்டடம் எல்லாம் நின்றது, அப்பாவுக்கு வேலை இல்லை, அம்மா மீன்காரரை மறிப்பதை விட்டுவிட்டார், மீன்காரர் மகனை ரியூசனில் நிற்பாட்டிவிட்டார். மீன்காரரின் மகன் அதே வகுப்பில் இருந்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானம் என்பதைப் பெருக்கி என்ற தலைப்பின் கீழ் சூத்திரத்தோடு எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அன்று எழுதவில்லை.

ஆனால் பாடப்புத்தகத்தின் ஒழுங்கு அந்த வருடம் பொருந்தவும் இல்லை. புத்தகத்தில் மந்தம் என்றால் கேள்வி குறையும், விலை இறங்கும், மத்திய வங்கி வட்டியைக் குறைக்கும். (கேள்வி என்று டிமாண்டைத்தான் சொல்கிறேன். எங்கள் புத்தகங்களில் அது கேள்வி, சப்ளை நிரம்பல். இந்தியத் தமிழ்ப் புத்தகம் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் தேவை, அளிப்பு என்று எழுதிவிட்டு முழிப்பார்கள்.) இங்கே உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் சுருங்கிய வருடத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதம். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை, அதாவது மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் தன் வட்டியை, ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. நான்கு நாளில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசு அறிவித்தது. பங்குச் சந்தை ஒரு கிழமை மூடிக் கிடந்து 25ஆம் திகதி திறந்தது. திறந்த அன்றே பலத்த வீழ்ச்சி, வியாபாரம் இடைநிறுத்தம்.

"சோர்ந்து கிடக்கிற ஆளுக்கு ஏன் இன்னும் அடிக்கினம்?" என்று கேட்டார்கள். எங்களுடைய சுருக்கம் ஆசை குறைந்ததால் வந்ததல்ல, டொலர் இல்லாமல் வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் தோட்டத்துக்கு இறைக்க முடியவில்லை. முந்தைய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் விளைச்சலும் போயிருந்தது. பொருள் இல்லாத இடத்தில் காசைக் கூட்டினால் விலைதான் ஏறும் என்று விளங்கப்படுத்தினேன். ஒத்துக்கொண்டார்கள். வட்டி ஏறியதால் நகையை மீட்க முடியாமற்போன வீட்டுப் பிள்ளை ஒத்துக்கொண்டாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அதற்குப் பிறகு பிடிவாதமாக இருக்கிறேன். பங்குச் சந்தையைப் பொருளாதாரத்தின் வெப்பமானி என்று எழுதும் விடைகளுக்கு வகுப்புப் பரீட்சையில் புள்ளி போடுவதில்லை. 2021இல் கொழும்புச் சுட்டெண் 80 வீதம் ஏறியது. அதே வருடம்தான் நாட்டின் டொலர் இருப்புக் கரைந்துகொண்டிருந்தது. வங்கி வட்டி அடிமட்டத்தில் கிடந்ததால் வைப்பிலிருந்து எடுத்த காசு பங்குக்கு ஓடியது. நாடு சுகமாக இருந்ததால் அல்ல. வேறு ஆசிரியர்கள் இதில் என்னோடு சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

கடைசி வாங்குக்காரன் இப்போது கொழும்பில் ஒரு பங்குத் தரகர் நிறுவனத்தில் வேலை செய்கிறான். போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மஞ்சளாகிப்போன இரண்டு கடதாசித் துண்டுகள், என் கையெழுத்து: பனங்கட்டிக் கம்பனி, பங்கு ஒன்று.

"ரீச்சர், இதின்ர இண்டைய விலை என்ன?" என்று கேட்டிருந்தான்.

"வாங்க ஆள் நிக்குதோ?" என்று திருப்பி எழுதினேன். கன்ரீனில் ரோல்ஸ் இப்போது என்ன விலை என்று கேட்டான்.