பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பார்ட் டைம் வேலையும் சோஷியல் செக்யூரிட்டி கணக்கும்

என் கணவருக்கு 2020 பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையும் காலும் பழையபடி திரும்பவில்லை, சாப்ட்வேர் வேலையும் போனது. அந்த ஆகஸ்ட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.ஐ. பணம் (வேலை செய்து வரி கட்டியவர் உடல் குறைபாட்டால் வேலை செய்ய முடியாமல் போனால் சோஷியல் செக்யூரிட்டி தரும் மாதத் தொகை), அதற்குச் சரியாக இரண்டு வருடம் கழித்து மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எங்கள் குடும்பம் ஓடியது என் சம்பளத்திலும் அந்தப் பணத்திலும், கூடவே அவர் பெயரில் எங்கள் பெண்ணுக்கு வரும் சின்னத் தொகையிலும்தான்.

2023 கடைசியில் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் கணக்கு டியூட்டர் வேலை வந்தது. வாரம் 20 மணி நேரம், மணிக்கு 18 டாலர். அவர் இடது கையால் எழுதப் பழகி ஒரு வருடம் ஆகியிருந்தது, போயே தீருவேன் என்றார். எனக்குத்தான் பயம். மாதப் பணம் நின்றால் சமாளித்துவிடலாம், மெடிகேர் போனால்?

கோயில் கேன்டீனில் தெரிந்த அண்ணா ஒருவர் அந்தப் பயத்தை இரண்டு மடங்காக்கினார். "இரண்டு டாலர் சம்பாதித்தால் ஒரு டாலர் பிடிப்பாங்கம்மா, பேங்க்கில 2,000 டாலருக்கு மேல இருந்தா அதுவும் போச்சு." அவர் பையனுக்கு ஆட்டிசம், சொந்த அனுபவத்தில் சொல்கிறார், நம்பாமல் எப்படி இருப்பது? வேலைக்கு வேண்டாம் என்று சொல்ல மெயில்கூட எழுதி வைத்துவிட்டோம்.

அனுப்பாமல் விட்டதற்குக் காரணம், வேலைக்குப் போகும் பயனாளிகளுக்கு இலவசமாக வழிகாட்டும் ஆலோசகர் ஒருவர் போனில் கிடைத்ததுதான். 'டிக்கெட் டு வொர்க்' என்ற அரசுத் திட்டத்தின் ஹெல்ப்லைனில் கேட்டால் நம் ஏரியா ஆளைச் சொல்கிறார்கள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு வருவது எஸ்.எஸ்.டி.ஐ.யா, எஸ்.எஸ்.ஐ.யா?" அண்ணா சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் அது அவர் பையன் வாங்கும் எஸ்.எஸ்.ஐ.க்கு, அதாவது வருமானமும் சேமிப்பும் குறைவாக உள்ளவர்களுக்கான உதவித்தொகைக்கு. அதில் முதல் 85 டாலரை விட்டுவிட்டு மீதியில் பாதியைக் கழிப்பார்கள். 2024 கணக்குப்படி, வேறு வருமானம் இல்லாமல் முழுத் தொகையான 943 டாலர் வாங்குகிறவர் 885 சம்பாதித்தால் 400 குறையும், 543 கைக்கு வரும். ஆக மொத்தம் 1,428, சும்மா இருப்பதைவிட அதிகம்தான். அண்ணா இந்தக் கடைசி வரியைச் சொல்லவே இல்லை!

எங்களுடையது வேறு கதை. எஸ்.எஸ்.டி.ஐ.யில் பேங்க் இருப்பை யாரும் கேட்பதில்லை. முதலில் ஒன்பது மாதம் சோதனைக் காலம், அதில் எவ்வளவு சம்பாதித்தாலும் முழுப் பணமும் வரும். 2024-ல் 1,110 டாலருக்கு மேல் சம்பாதித்த மாதம்தான் அந்த ஒன்பதில் ஒன்றாகக் கணக்கு. ஒன்பதும் தொடர்ந்து வர வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் எப்போது சேர்ந்தாலும் முடிந்தது. மெடிகேர் சோதனைக் காலம் முடிந்த பிறகும் குறைந்தது 93 மாதம் இருக்கும் என்று அந்த அம்மா சொன்னபோது நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தேன்.

ஜனவரியில் சேர்ந்தார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த முருகன் காலண்டரில் மாதா மாதம் தொகையை எழுதினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்பதால் ஒரு மாதம் மூன்று சம்பளம் விழுந்தது, அதைப் பார்த்து ராத்திரி தூக்கம் போச்சு. அப்புறம்தான் தெரிந்தது, எஸ்.எஸ்.டி.ஐ.க்குப் பணம் கைக்கு வந்த தேதி முக்கியமில்லை, உழைத்த தேதிதான். பே ஸ்டப்பை வைத்து நாள் நாளாகப் பிரித்து மறுபடி எழுதினேன். பார்ப்பது பிடித்தம் போகக் கைக்கு வருவதை அல்ல, அதற்கு முந்தைய முழுச் சம்பளத்தை. முதல் இரண்டு மாதம் நான் இதிலும் கோட்டை விட்டிருந்தேன்.

ஜூனும் ஜூலையும் காலேஜில் ஆளில்லை, 900-ஐத் தாண்டவில்லை, அதனால் அவை கணக்கில் வரவில்லை. நவம்பரோடு ஒன்பது முடிந்தது. டிசம்பரிலிருந்து 1,550 என்ற கோடு, மாதச் சம்பளம் அதைத் தாண்டினால் எஸ்.எஸ்.டி.ஐ. பணம் நிற்கும், அவர் சம்பளமோ சராசரி 1,560. பத்து டாலரில் எல்லாம் போய்விடுமா என்று உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அம்மா கார் செலவைக் கேட்டார். இவரால் பஸ் படியேற முடியாது, வாரம் நான்கு நாள் போய்வர 16 டாலர் வீதம் வாடகைக் கார். குறைபாட்டினால்தான், வேலைக்காகத்தான் இந்தச் செலவு என்று காட்டினால் சம்பளத்திலிருந்து கழித்துப் பார்ப்பார்கள், மருந்துக்கு நாம் கையிலிருந்து கொடுப்பதையும்தான். (சோதனை மாதங்களில் இந்தக் கழிவு கிடையாது.) மாதம் 295 டாலர் தேறியது. டாக்டர் கடிதம், ரசீதுகள், வேலை விவரம் எழுதும் 821 எண் படிவம் எல்லாவற்றையும் கொடுத்தோம், சில மாதம் கழித்துப் பணம் தொடரும் என்று கடிதம் வந்தது.

ஒவ்வொரு முறை சம்பள விவரம் கொடுத்தபோதும் ரசீது கேட்டு வாங்கினேன். கேட்டால் கொடுத்தாக வேண்டும், அது சட்டம். வேலையைச் சொல்லாமல் விட்டு, பின்னால் பல ஆயிரம் டாலர் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும், அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இப்போது காலேஜில் வாரம் 28 மணி நேரம் தரத் தயார் என்கிறார்கள். கார் செலவைக் கழித்தாலும் 2025-க்கான 1,620 கோட்டைத் தாண்டும். தாண்டும் அந்த மாதத்துக்கும் அடுத்த இரண்டு மாதத்துக்கும் பணம் வரும், பிறகு நிற்கும், பெண்ணுக்கு வருவதும் சேர்த்து. ஆனால் 2027 நவம்பர் வரை எந்த மாதம் சம்பளம் கோட்டுக்குக் கீழே இறங்கினாலும் புது விண்ணப்பம் போடாமலேயே அந்த மாதப் பணம் திரும்ப வரும். இவர் காலண்டரை என்னிடமிருந்து பிடுங்கி, இடது கையால் கோணல்மாணலாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் காலேஜுக்குப் பதில் சொல்ல வேண்டும்.