ஏ.என்.ஏ. பாசிட்டிவ்: அந்த ரிப்போர்ட் எப்படி உருவாகிறது, எப்படி வாசிக்க வேண்டும்

வேலூர் லேப் கவுன்டர்களில் ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு வரும் கேள்வி ஒன்று உண்டு: "ஏ.என்.ஏ. பாசிட்டிவ்னு போட்டிருக்கே, அப்போ லூபஸா சார்?" குடியாத்தத்திலிருந்தோ சோளிங்கரிலிருந்தோ மூட்டுவலிக்காக வந்தவர், பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் போனில் தேடிப் பார்த்து வேண்டாத பயத்தையெல்லாம் வாங்கிக்கொண்டுவிடுவார். ஏ.என்.ஏ. என்பது ஆன்டி நியூக்ளியர் ஆன்டிபாடி: சொந்தச் செல்லின் கருவையே பிடிக்கும் எதிர்ப்புப் புரதம். லூபஸ் என்பது எதிர்ப்பு மண்டலம் சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய். தினமும் இந்த டெஸ்ட்டைச் செய்கிறவர்கள் என்ற முறையில், அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் ஏமாற்றும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

ரத்தம் 3 முதல் 5 மில்லி போதும். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. சிவப்பு மூடிக் குழாயிலோ ஜெல் போட்ட மஞ்சள் மூடிக் குழாயிலோ எடுத்து, உறைவதற்கு அரை மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே சென்ட்ரிஃப்யூஜில் போட்டால் ஃபைப்ரின் இழை சீரத்தில் தங்கி பிபெட்டை அடைக்கும், அளவு தப்பும். 10 நிமிடம் சுற்றியதும் மேலே தெளியும் சீரம்தான் நமக்கு வேண்டியது. ஒரு வாரத்துக்குள் செய்வதானால் 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜ் போதும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 20. திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்கக் கூடாது.

ஸ்லைடில் ஒட்டியிருப்பவை ஹெப்-2 செல்கள். மனிதப் புற்றுத் திசுவிலிருந்து வளர்த்த செல் வரிசை இது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், செல்லின் கரு பெரியது. பிரிந்துகொண்டிருக்கும் செல்களும் நிறையக் கிடைக்கும். சீரத்தை 1:100 என்று நீர்க்கிறோம்: 10 மைக்ரோலிட்டர் சீரம், 990 மைக்ரோலிட்டர் பி.பி.எஸ். உப்புக் கரைசல். அதில் 30 மைக்ரோலிட்டர் அளவுக்கு ஒரு சொட்டு ஸ்லைடின் மேல். அறை வெப்பத்தில் 30 நிமிடம். கழுவல். பிறகு மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி, பச்சையாக ஒளிரும் சாயம் கட்டியது. அதுவும் 30 நிமிடம், வெளிச்சம் படாமல். மறுபடி கழுவி, கிளிசரால் வைத்து மூடி, ஃப்ளூரசென்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நேரமும் நீர்ப்பும் கிட்டுக்குக் கிட்டு கொஞ்சம் மாறும். கிட்டோடு வரும் தாளில் போட்டிருப்பதுதான் சட்டம்.

கெடுவதெல்லாம் சின்ன விஷயங்களில்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்லைடு பாக்கெட்டை உடனே பிரித்தால், காற்றின் ஈரம் செல்களின் மேல் வியர்த்து நிற்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே கிழிக்க வேண்டும். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும், ஏ.சி. நின்ற அறையில் சொட்டின் ஓரம் காய ஆரம்பித்துவிடும். காய்ந்த இடம் முழுக்கப் பச்சையாக ஒளிரும், பாசிட்டிவ் மாதிரியே தெரியும். பி.பி.எஸ். கரைக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர் தண்ணீரின் உப்பு பி.எச்.சைக் குலைத்துவிடும். 7.2க்கும் 7.4க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல், ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல் கூடவே ஓடும். நெகட்டிவ் கன்ட்ரோல் ஒளிர்ந்தால் அன்றைய மொத்த ரிப்போர்ட்டும் நிற்க வேண்டியதுதான்.

படிப்பதில் ரகசியம், பிரியும் செல்லைத் தேடுவது. கரு முழுக்க ஒரே சீராக ஒளிர்ந்து, பிரியும் செல்லில் நடுவே நிற்கும் குரோமோசோம் பட்டையும் பளிச்சென்று இருந்தால் ஹோமோஜீனியஸ், குறி டி.என்.ஏ., ஹிஸ்டோன் பக்கம் போகிறது. கரு புள்ளி புள்ளியாக இருந்து அந்தப் பட்டை மட்டும் இருட்டாக இருந்தால் ஸ்பெக்கிள்டு. குறி, ரோ, லா, எஸ்.எம்., ஆர்.என்.பி. போன்ற செல்லின் உட்புரதங்கள். எண்ணிவிடலாம் என்பது போலத் தனித்தனிப் புள்ளிகள், பிரியும் செல்லில் அவையே வரிசை கட்டி நின்றால் சென்ட்ரோமியர். தோல் இறுகும் ஸ்க்லீரோடெர்மாவின் ஒரு வகையை நினைக்க வேண்டும். ஒருவரை வீணாகப் பயமுறுத்தும் பேட்டர்ன் டி.எஃப்.எஸ்.70: கருவில் அடர்ந்த நுண்புள்ளி, பட்டையும் ஒளிரும். பழகாத கண் இதை ஹோமோஜீனியஸ் என்று எழுதிவிடும். வேறு எந்த ஆன்டிபாடியும் இல்லாமல் இது மட்டும் இருந்தால், பெரும்பாலும் நோயில்லாத ஆளாகத்தான் இருப்பார்.

டைட்டர் என்பது எந்த அளவு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது என்பது. 1997-இல் வெளியான பல லேப்கள் சேர்ந்த ஆய்வில், நோய் எதுவும் இல்லாதவர்களிடமே 1:40 நீர்ப்பில் 31.7 சதவீதம், 1:80-இல் 13.3, 1:160-இல் 5, 1:320-இல் 3.3 சதவீதம் பேர் பாசிட்டிவ். கவனியுங்கள்: 1:40-இல் மூன்றில் ஒருவர்! அதனால்தான் அறிகுறியே இல்லாதவருக்கு 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் இந்த டெஸ்ட்டைச் சேர்ப்பது எங்களுக்குச் சம்மதமில்லை. ஒரு படி வித்தியாசம், அதாவது போன மாதம் 1:160, இந்த மாதம் 1:320 என்பது, பார்க்கிற கண்ணின் வித்தியாசமாகவே இருக்கலாம்.

சரி, நன்றாக இருக்கிறவர் ரத்தத்தில் சொந்தக் கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஏன் இருக்கிறது?

தன் உடம்பையே பிடிக்கக்கூடிய எதிர்ப்பு மண்டலச் செல்கள் எல்லாரிடமும் உண்டு. நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. அதனால் கிருமியைத் தாக்கும் டி செல்லும், ஆன்டிபாடி செய்யும் பி செல்லும், எதிரியைப் பிடிக்கும் தங்கள் ஏற்பிக்கான ஜீன் துண்டுகளைக் கலைத்துப் போட்டுக் கண்டபடி சேர்க்கின்றன. கோடிக்கணக்கில் வடிவங்கள் பிறக்கும். அதில் சில நம் இன்சுலினோடும், தைராய்டு புரதத்தோடும், டி.என்.ஏ.வோடும் ஒட்டத்தான் செய்யும். 'தான்' எது என்ற பட்டியல் எந்தச் செல்லிடமும் கிடையாது. செல் பிறந்த பிறகு உடம்பு வடிகட்டுகிறது, அவ்வளவுதான்.

டி செல்லுக்கு அந்த வடிகட்டல் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸில் நடக்கிறது. செல்கள் தங்களுக்குள் உள்ள புரதத் துண்டுகளை ஹெச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். அதற்கான ஜீன்கள் 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. இளம் டி செல் அந்த ஹெச்.எல்.ஏ.வைத் தொடவே தெரியாமல் இருந்தால் பட்டினி கிடந்து சாகும். சொந்தத் துண்டை இறுகப் பிடித்தால் கொல்லப்படும், இல்லையென்றால் அடக்கும் செல்லாக மாற்றப்படும். லேசாகப் பிடிப்பது மட்டும் வெளியேறும். உள்ளே போகும் செல்களில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருவதில்லை.

கணையத்தில் மட்டும் உருவாகும் இன்சுலின் தைமஸுக்கு எப்படித் தெரியும்? அங்குள்ள சில செல்களில் ஏர் என்ற ஜீன், பல உறுப்புகளின் புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே தயாரிக்க வைக்கிறது. 1997-இல் இந்த ஜீனைக் கண்டுபிடித்தார்கள். இது பழுதான குழந்தைகளுக்குப் பாராதைராய்டு, அட்ரினல் சுரப்பி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொந்த எதிர்ப்பு மண்டலமே அழிக்கிறது. ஒரே ஒரு ஜீன் பழுதுக்கே இந்தக் கதி. ஆனால் பழுதில்லாதவரிலும் எல்லாப் புரதமும் தைமஸில் காட்டப்படுவதில்லை. சல்லடையில் தப்பியவை ரத்தத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

தப்பியவற்றுக்கு வெளியே இரண்டு பூட்டு. ஒன்று, டி செல் வேலை செய்ய இரண்டாவது சிக்னல் வேண்டும். கிருமியோ திசுச் சேதமோ இருந்தால்தான் அது கிடைக்கும். இல்லாமல் பிடித்தால் செல் செயலற்றுப் போகும். மற்றொன்று, ஃபாக்ஸ்-பி3 ஜீன் இயக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள். ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025 மருத்துவ நோபல் இதற்குத்தான். ஃபாக்ஸ்-பி3 பழுதான ஆண் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய், ஓயாத பேதி, தோல் கரப்பான் எல்லாம் சேர்ந்து வரும். பூட்டு இருப்பதற்கு இன்னொரு சாட்சி புற்றுநோய் வார்டில் கிடைக்கும்: சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்ற பிரேக்குகளை எடுக்கும் மருந்து போட்ட நோயாளிகளில் சிலருக்குத் தைராய்டும் குடலும் தாக்கப்படுகின்றன. தாக்கும் செல்கள் புதிதாக வரவில்லை, முன்பே இருந்தவைதான்.

ஆகவே எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய் என்பது ஒரு பூட்டு உடைந்ததால் வருவது அபூர்வம். பலது தளர வேண்டும். லூபஸில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். டி.என்.ஏ. கருவுக்குள் மறைந்திருக்கும் பொருள். செல் செத்தால்தான் வெளியே தெரியும். செத்த செல்லை உடனே பெருக்கி அள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் உதவுகின்றன. அதில் சி1க்யூ பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வந்துவிடுகிறது. வெயிலின் புற ஊதாக்கதிர் தோல் செல்களைக் கொல்லும்போது ரோ போன்ற உட்புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வரும். அந்த ஆன்டிபாடி ஏற்கெனவே இருப்பவருக்கு அங்கேயே தடிப்பு கிளம்பும். லூபஸ் நோயாளியிடம் 'பத்து மணிக்கு மேல் வெயிலில் போகாதீர்கள், முழுக்கை போடுங்கள்' என்று டாக்டர் சொல்வது அழகுக்காக அல்ல. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதற்கு ஒரு காரணம், டி.எல்.ஆர்.7 என்ற உணர்வி ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருந்து, அணைக்கப்பட வேண்டிய இரண்டாவது எக்ஸிலும் சில செல்களில் அணையாமல் இருப்பது.

வேறு நோய்களில் தூண்டுதல் வேறு. முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), புகை நுரையீரலில் புரதங்களின் உருவத்தை மாற்றுகிறது, குறிப்பிட்ட ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். வகை உள்ளவரில் அந்த மாறிய புரதத்துக்கு எதிராக ஆன்டி-சி.சி.பி. என்ற ஆன்டிபாடி உருவாகிறது. சிகரெட்டை நிறுத்து என்றால் 'நான் பீடிதானே பிடிக்கிறேன்' என்று பதில் சொல்பவர் நம் பக்கம் நிறைய. புகை புகைதான். ருமாட்டிக் காய்ச்சலில், தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸின் எம் புரதம் இதயத் தசையின் மயோசினைப் போல இருப்பதால், கிருமிக்குச் செய்த ஆயுதம் இதயத்தில் பாய்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் 12 லட்சம் யூனிட் பென்சத்தைன் பென்சிலின் இதயத்துக்கான மருந்து அல்ல. அடுத்த தொண்டைத் தொற்று வராமல் தடுப்பது. வலி இல்லையே என்று ஊசியை விட்டால் வால்வு மேலும் கெடும்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஆட்டோஇம்யூன் நோயில்லாத பாசிட்டிவுக்கு நம் வட்டாரத்தில் வழக்கமான காரணங்கள்: டி.பி., தொழுநோய், நாள்பட்ட கல்லீரல் தொற்று. தொழுநோயில் மூட்டு வீக்கமும் வரும், முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டரும் ஏறும். 1955 முதல் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பக்கத்தில் உணர்வில்லாத தோல் தேமலைப் பார்க்காமல் முடக்குவாதம் என்று எழுதக் கூடாது. சிக்குன்குனியாவும் அப்படித்தான். 1964-லேயே சென்னையிலும் வேலூரிலும் பரவிய காய்ச்சல் அது. மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும். டி.பி.க்குப் போடும் ஐசோனியசிட், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசின் இரண்டும் ஏ.என்.ஏ.வை ஏற்றும், சிலருக்கு லூபஸ் போன்ற நோயையே கொண்டுவரும். நிறுத்தினால் பொதுவாக அடங்கும். அதனால் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பெயர் தெரியாத 'மூட்டுவலிப் பொடி'யையும் சேர்த்து. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது அறிகுறியை மறைத்துவிடும்.

நெகட்டிவும் முழு நிம்மதி இல்லை. ரோ புரதம் ஸ்லைடு தயாரிப்பில் கரைந்து போகலாம். தசை அழற்சியில் வரும் ஜோ-1 ஆன்டிபாடி கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் ஒளிரும். வாய், கண் வறட்சியோ தசை பலவீனமோ இருந்தால், ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்றாலும் டாக்டர் தனி ஆன்டிபாடி பேனல் கேட்பார். ரிப்போர்ட்டில் முறை என்னவென்றும் பாருங்கள்: மைக்ராஸ்கோப் இல்லாமல் நிறத்தை அளக்கும் எலிசா முறையில் பேட்டர்ன் கிடைக்காது.

2019-இல் வந்த சர்வதேச லூபஸ் வகைப்பாட்டில் ஏ.என்.ஏ. 1:80 என்பது நுழைவு வாசல் மட்டும். உள்ளே போய் அறிகுறிகளாலும் மற்ற டெஸ்ட்டுகளாலும் 10 புள்ளி சேர வேண்டும். அரை மணி நேரமாவது நீடிக்கும் காலை விறைப்பு, கன்னத்தில் தடிப்பு, வலியில்லாத வாய்ப்புண், நுரைத்துப் போகும் சிறுநீர் என்று இவைதான் கணக்கு. சிறுநீர் சோதனை ஐம்பது, நூறு ரூபாய் விஷயம். அதைத் தவிர்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் பேனல் போடுவது தலைகீழ். நோய் உறுதியான பிறகு ஏ.என்.ஏ.வைத் திரும்பச் செய்வதில் பயனில்லை; அது நோயோடு ஏறி இறங்காது. ஆன்டி-டி.எஸ்.டி.என்.ஏ. (டி.என்.ஏ.வைப் பிடிக்கும் ஆன்டிபாடி), சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்கள், ரத்த அணுக்கள், சிறுநீரில் புரதம் ஆகியவைதான் நிலவரம் சொல்லும்.

பேனலில் ரோ பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்தபின் வரும் தடிப்பு, தாயின் ஆன்டிபாடி கரையும்போது ஆறேழு மாதத்தில் மறையும். ஆனால் 100-இல் 1 அல்லது 2 கர்ப்பங்களில் குழந்தையின் இதய மின்பாதை அடைபடும், அது திரும்பாது. தாய்க்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே இது நடக்கலாம். அதனால் கர்ப்பம் உறுதியான முதல் செக்கப்பிலேயே ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும். 16, 18 வாரத்திலிருந்து 26 வாரம் வரை குழந்தையின் இதயத்தை எக்கோவில் பார்ப்பார்கள். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், 'மாசமா இருக்கிறப்போ மாத்திரை வேண்டாம்' என்று வீட்டில் யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.