தங்கச்சிமடத்திலிருந்து வின்னிபெக்குக்கு: புறப்படும் முன் கழிந்த எட்டு மாதங்கள்

மண்டபத்தில் நண்டும் இறாலும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையில் ஒன்பது ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். 2024 மார்ச் மாதம், கனடாவின் மானிடோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில் ஏரி மீன்களைப் பதப்படுத்தும் ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவரான ஓர் அக்கா அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்ததால் கிடைத்த வாய்ப்பு அது. கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதன்று, குளிரைப் பற்றியது. அந்த ஊரின் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரி. இராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் தங்கச்சிமடத்திலோ மார்கழி விடியலில் 23 டிகிரிக்கு இறங்கினாலே அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் காலைப் பூசைக்குப் போவார்.

குளிரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. மீனை மைனஸ் 40 டிகிரியில் உறையவைக்கும் பிளேட் ஃப்ரீசரையும், மைனஸ் 20 டிகிரியில் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கோல்டு ஸ்டோரேஜையும் தினமும் பார்த்தவள் நான். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்த எட்டு மாதங்களில் என் தூக்கத்தைக் கெடுத்தவை காகிதங்களே.

வேலைக் கடிதம் வந்த செய்தி வெளியே தெரிந்த ஒரே வாரத்தில், பக்கத்து ஊரில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒருவர் வீடு தேடி வந்து, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிக்குக் கனடா அரசு தரும் ஒப்புதலை, அதாவது எல்.எம்.ஐ.ஏ. எனப்படும் தொழிலாளர் சந்தைத் தாக்க மதிப்பீட்டை, வாங்கித் தருவதற்கு எட்டு லட்சம் ரூபாய் ஆகும் என்றார். எனக்கு வேலை கொடுத்த நிறுவனம் அதற்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தது. அதற்கான கட்டணம் 1,000 கனடிய டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், வேலைக்கு வருபவரிடமிருந்து திரும்ப வசூலிக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. போதாததற்கு, வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதை மானிடோபா மாகாணம் 2009-லிருந்தே தனிச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. இவற்றைச் சொன்னபோது வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்திருக்காவிட்டால், அப்பா வள்ளத்தையாவது விலை பேசியிருப்பார் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

உண்மையான சிக்கல் என் பெயரில் இருந்தது. நம் ஊர் வழக்கப்படி எனக்கு ஒரே ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பட்டச் சான்றிதழிலும் அந்த முதலெழுத்து இருக்கிறது. 2015-இல் பாஸ்போர்ட் எடுத்தபோது, பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த தம்பி முதலெழுத்தை விட்டுவிட்டு, இயற்பெயருக்கான கட்டத்தில் என் பெயரை மட்டும் எழுதி, குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக அது என் கண்ணில் படவே இல்லை. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு சரி.

கனடாவின் குடிவரவுத் துறை இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால், இருக்கும் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, இயற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அதாவது பாஸ்போர்ட்டில் இருப்பதற்கு நேர் தலைகீழ். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நான் வேலை பார்த்த ஆலையின் அனுபவக் கடிதத்தில் முதலெழுத்தோடும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அப்பாவின் முழுப் பெயரோடும், வங்கிக் கணக்கில் வெறும் பெயராகவும் நான் மூன்று ஆட்களாக இருந்தேன். இராமநாதபுரம் நீதிமன்றத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நோட்டரி ஒருவரிடம் போய், இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் பிரமாண வாக்குமூலம் எழுதி வாங்கினேன். தட்டச்சு செய்தவர் அதிலும் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்திருந்தார். பேருந்து நிலையம் வரை வந்தபின் கவனித்துத் திரும்பிப் போய் மாற்றினேன்.

பாஸ்போர்ட்டையே திருத்தி, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் வேலைக் கடிதத்திலும் நிறுவனம் கொடுத்திருந்த விண்ணப்பத்திலும் பழைய பெயரும் பழைய பாஸ்போர்ட் எண்ணும் ஏறிவிட்டன. இடையில் மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன். வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் மங்கலாக இருந்தாலும்கூட, வேலை தேடத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டை எடுத்து அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துவிடுவது நல்லது. மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் முடிகிற வேலை அது.

சென்னைக்கு இரண்டு முறை போக நேர்ந்தது. ஊர் அரசு மருத்துவர் கொடுக்கும் உடல்தகுதிச் சான்று கனடாவுக்குச் செல்லாது. அந்நாட்டுக் குடிவரவுத் துறை பட்டியலிட்ட மருத்துவர்களிடம் மட்டுமே இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் எடுக்க வேண்டும். விண்ணப்பம் போடும் முன்பே அதை முடித்துவிடலாம் என்பதால் முதல் பயணம் அதற்கு. விண்ணப்பித்த பிறகு கைரேகையும் படமும் கொடுப்பதற்கான கடிதம் வரும். அது வந்த முப்பது நாளுக்குள் விசா விண்ணப்ப மையத்துக்குப் போய்விட வேண்டும், எனவே இரண்டாவது பயணம். வேலை அனுமதிக்கு 155 டாலர், கைரேகைக்கு 85 டாலர் கட்டினேன். பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு, புதியது இன்னும் திறக்கப்படாதிருந்த காலம் அது. தங்கச்சிமடத்திலிருந்து இராமநாதபுரம் வரை பேருந்தில் வந்து ரயில் ஏறினேன். இரண்டு முறையும் காகிதங்கள் இருந்த கோப்பினை நெஞ்சோடு அணைத்தபடியே தூங்கினேன்.

விசா முடிவுக்காகக் காத்திருந்த ஜூலை மாதத்தில்தான் குளிர் பக்கம் என் கவனம் திரும்பியது. கொடைக்கானலுக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர், அதன் மேல் ஆலையில் கொடுக்கும் கனத்த கோட்டு, இரண்டு காலுறை, கம்பூட் ஆகியவற்றை அணிந்துகொண்டு, மேலாளரிடம் சொல்லிவிட்டு, கோல்டு ஸ்டோரேஜுக்குள் போய் நின்றேன். வழக்கமாக நாங்கள் உள்ளே போனால் பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுவோம். அன்று அரை மணி நேரம் நிற்பது என்று முடிவு. கதவுக்கு வெளியே ஒரு பெண்ணைக் காவலுக்கு நிறுத்தியிருந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூக்குக்குள் இருக்கும் மயிர் விறைத்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்தியது. குறிப்பெழுத எடுத்துப்போன பால்பாயிண்ட் பேனா இரண்டு வரியோடு நின்றுவிட்டது; கைப்பேசியின் மின்கலம் 60 சதவீதத்திலிருந்து கண்ணெதிரே சரிந்தது. உடம்பு தாங்கியது, கால்தான் தாங்கவில்லை. சிமெண்டுத் தரையின் குளிர் கம்பூட்டின் ரப்பர் வழியாக ஏறி, பதினெட்டாவது நிமிடத்தில் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் ஆகின. கோட்டுக்குள் அணிந்திருந்த பருத்திச் சட்டை, உள்ளே போகும் முன் பட்ட வியர்வையில் நனைந்திருந்தது. குளிர் அங்கிருந்துதான் தொடங்கியது. நண்டுச் சதை எடுக்கும் பெண்கள், கையுறைக்குள் போடும் பருத்தி உறை நனைந்துவிட்டால் கை கடுக்கிறது என்று ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் சொல்லி வந்ததன் பொருள் அன்று விளங்கியது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் கதவைத் தட்டினேன்.

இதை அன்றிரவு அப்பாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த ரூமுக்குள்ள காத்து உண்டுமா தாயி?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நீ ஒண்ணும் பாக்கல" என்றார்.

அப்பா நாற்பது ஆண்டுகளாக வடகடலிலும் தென்கடலிலும் தொழில் பார்த்தவர். எங்கள் கரையில் காற்றுக்குத் திசையை வைத்துப் பெயர்: கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோளகம், வடக்கிலிருந்து வாடை. வாடை விழுந்தால் எலும்பு வரைக்கும் போகும், நனைந்த சட்டையோடு வள்ளத்தில் நிற்பவனுக்கு ஊர்க் குளிரே போதும் என்பார். அவர் சொன்ன பிறகுதான் கனடிய வானிலைத் துறையின் காற்றுக் குளிர்க் கணக்கைத் தேடிப் படித்தேன். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 33 போல் இருக்கும். மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும். வின்னிபெக் மலையோ கடலோ மறைக்காத சமவெளியில் இருக்கும் ஊர். நான் ஒன்பது ஆண்டுகள் பழகிய குளிர் காற்றில்லாத குளிர் என்பதை, கனடாவை வரைபடத்தில்கூடப் பார்த்திராத அப்பா ஒரே கேள்வியில் கண்டுபிடித்தார்.

அதன் பிறகு வாங்கும் பட்டியல் மாறியது. இங்கே கனத்த கோட்டு வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். அந்தக் காற்றுக்குத் தைத்த கோட்டும் பூட்டும் அந்த ஊரில்தான் கிடைக்கும் என்று அக்காவும் சொன்னார், பழைய துணிக் கடைகளில் மலிவாகவும் கிடைத்தன. உடம்போடு ஒட்டி அணியும் தெர்மல் இரண்டு, கம்பளிக் காலுறை ஆறு சோடி, காதையும் கழுத்தையும் சேர்த்து மூடும் குல்லாய் ஒன்று ஆகியவற்றை மட்டும் வாங்கினேன். விமான நிலையத்திலிருந்து வீடு வரை போட அக்கா தன் பழைய கோட்டைக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மாகாண மருத்துவக் காப்பீட்டில் வழக்கமான பல் வைத்தியம் சேராது, கையிலிருந்து கொடுத்தால் கட்டாது என்பதால், இராமநாதபுரத்தில் இரண்டு பல்லை அடைத்துக்கொண்டு, கண்ணாடியும் ஒன்று கூடுதலாகச் செய்துகொண்டேன். தங்குமிடத்துக்கு நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பவில்லை. மானிடோபாவில் வீட்டுக்காரர் முன்பணமாக அரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று படித்தபோது, சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்த என் தம்பி அதை இரண்டு முறை படிக்கச் சொன்னான்.

செப்டம்பரில் விசா வந்தது. ஒட்டுத்தாளில் என் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருந்தது. டிக்கெட் எடுக்கும்போதோ எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியவில்லை. விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது இரண்டு கட்டத்திலும் அதே பெயரை எழுதச் சொன்னார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுகிறது என்பதால், பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

நவம்பர் 22-ஆம் தேதி புறப்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தீவில் மேகவெடிப்பு என்று செய்திகளில் வந்த அந்தப் பெருமழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். கட்டி வைத்த பெட்டிகளைப் பீரோவின் மேல் ஏற்றிவிட்டு, காகிதங்கள் இருந்த கோப்பினை ஆலையில் மீனுக்குப் போடும் பாலித்தீன் உறையில் வைத்து வெற்றிடம் செய்து ஒட்டினேன். அம்மா கொடுத்த நெத்திலிக் கருவாட்டையும் அதே இயந்திரத்தில்தான் அடைத்தேன். கனடாவில் இறங்கும்போது சுங்கப் படிவத்தில் அதைக் குறிப்பிட்டேன். அதிகாரி உறையைத் தூக்கிப் பார்த்து, மீன்தானே என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். குறிப்பிடாமல் மாட்டினால் அபராதம்.

விசா கையில் இருந்தாலும் வேலை அனுமதித் தாளை அச்சிட்டுத் தருவது நுழையும் விமான நிலையத்தில்தான். அதில் நிறுவனத்தின் பெயர், முடியும் தேதி, என் பெயர் மூன்றையும் கவுண்டரை விட்டு நகரும் முன் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அங்கே வேலை பார்க்கத் தேவையான சமூகக் காப்பீட்டு எண் அந்த வாரமே கிடைத்தது; தற்காலிகமாக வருபவர்களுக்கு அது 9-இல் தொடங்கும். வங்கி அட்டையில் மட்டும் என் பெயர் இரண்டு முறை அச்சாகி வந்திருக்கிறது. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் கடைசியில் காலை எட்டரை மணியை ஒட்டித்தான் விடியும், மாலை நாலரைக்கு இருட்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, முதல் வாரமே மூக்கில் இரத்தம் வந்தது. தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடும், கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஊருக்கும் இங்குமான இடைவெளி குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரம் என்பதால், நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா இரவுச் சாப்பாட்டை முடித்திருப்பார். அவர் கேட்பது ஒன்றுதான், இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று. பெரும்பாலான நாள்களில் வாடையும் கச்சானும் கலந்த வடமேற்கு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரியில் ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தில் மைனஸ் 27 டிகிரி. ஆலைக்கு வந்து, கோல்டு ஸ்டோரேஜுக்குள் போய்ப் பெட்டிகளின் வெப்பநிலையைப் பார்த்தேன்: மைனஸ் 20. காற்றில்லாத அந்த அறையில் கோட்டின் பொத்தானைத் தளர்த்திவிட்டு, பதிவேட்டில் பென்சிலால் எழுதினேன்.