வெள்ளகவி ஏற்றமும் ரெண்டு இட்லியும்

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி மலைக்கிராமம் வழியாகக் கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலுக்கு நடந்தோம். காலையில் ரெண்டே இட்லி. பாதி ஏற்றத்தில் கால் துவண்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். "தொப்பையில இவ்வளவு சேர்த்து வச்சிருக்கியே மாப்ளே, அதை எரிக்க வேண்டியதுதானே" என்றார் மாமா.

கேலிதான், ஆனால் நல்ல கேள்வி. சோறு, இட்லியில் உள்ள மாவுச்சத்து குளுக்கோஸாகி, உடனே தேவைப்படாதது கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகக் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 400 கிராம் போல நிற்கும், அவ்வளவுதான் இருப்பு. கொழுப்போ கிலோக்கணக்கில் கிடக்கிறது. கிராமுக்கு 9 கலோரி வேறு, மாவுச்சத்துக்கு 4தான். அப்புறம் ஏன் கை கொடுக்கவில்லை? கொழுப்பு மெதுவாகத்தான் வரும்: கொழுப்பு அமிலமாக உடைந்து, ரத்தத்தில் பயணித்து, தசைச் செல்லில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்ட பிறகே தசை செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கிடைக்கும், அதற்கு ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். செங்குத்தில் மூச்சிரைக்கும்போது தசைக்கு அந்தப் பொறுமை ஏது, குளுக்கோஸைத்தான் பிடுங்கும்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் தலையில் மூட்டையோடு, பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். பழகிய தசையில் மைட்டோகாண்ட்ரியா அதிகம், அதே ஏற்றத்தில் அவர் கொழுப்பையும் நன்றாக எரிப்பார். எனக்கு மாமாவின் கடலை மிட்டாய்தான். கால் மணி நேரத்தில் எழுந்தேன், மெதுவாக.